இருக்கும் இடத்திலேயே

காற்று கறுத்தால் நபிகளின் முகம் நிறம் மாறும்,
உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள்,
மழை இறங்கிய பிறகே ஆறுவார்கள் என்று
ஓதிக்கொடுத்த நாளில் எனக்கு வயது ஒன்பது.
அவ்வளவு பெரியவங்களுக்கே பயமா என்று கேட்டுப்
பிரம்படி வாங்கினேன்.
பதில் நாற்பது வருஷம் கழித்து
ரேடியோவில் வந்தது:
இன்றிரவு, முத்துப்பேட்டைக்கு அருகே.

கோரையாறு கடலில் கரையும் முனையில் எங்கள் பள்ளி.
நான் மோதினார்.
பாங்கு சொல்வது, ஹவுளில் பாசி வழிப்பது, பல்பு மாற்றுவது.
அன்று ஹவுளை விளிம்புவரை நிரப்பினேன்.
பாய்களைச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன்.
பள்ளித் தோப்பின் பதினோரு தென்னைக்கும்
குலையிறக்கி மட்டை கழிக்க ஏறினேன்,
எட்டாவதோடு இருட்டிவிட்டது.

கீழே முத்தவல்லி புஹாரி மரைக்காயர்
குடையோடு நின்று கத்தினார்:
"காய்க்கிற மரத்தை மொட்டையடிக்கிறியே,
எழுதினது நடக்கும் ஓய்!"
"எழுதினதுல என் அரிவாளும் இருக்கும் முதலாளி"
என்றேன் உச்சியிலிருந்து.
காற்றில் கேட்டதோ என்னவோ,
டீசலுக்குக் காசு தரவில்லை.

இஷாவுக்குக் கரண்டு இல்லை, மைக் இல்லை.
தொண்டையால் சொன்னேன்.
தொழ வாருங்கள் என்னும் இடத்தில்
நாக்கு வழக்கம்போல் வளையப் பார்த்தது,
பிடித்து நிறுத்திப்
புயலுக்கென்று வைத்திருக்கும் வாசகத்தைச் சொன்னேன்:
இருக்கும் இடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை,
வராதீர்கள் என்று கூப்பிட்ட பாங்கு.

மினாராவின் கடைசிப் படியில்தான் உறைத்தது.
யாருக்குச் சொன்னேன்?
வாய்க்கால் கரையில் இருபது கீற்றுக் கொட்டகை.
இன்னும் நாலு மணி நேரத்தில்
இருக்கும் இடம் இருக்காது.

செருப்பில்லாமல் ஓடினேன்.
கூரை நிக்காதவங்க பள்ளிக்கு வாங்க, பள்ளிக்கு வாங்க!
எந்தப் பாங்கிலும் இல்லாத வரி.
ராகமும் இல்லை.

வந்தார்கள்.
பாத்துமுத்து, இரண்டு ஆட்டோடு.
இறால் குட்டையில் வேலை பார்க்கும்
ஒடிசாப் பையன்கள் மூவர்.
வலைகாரத் தெரு அஞ்சம்மாள்,
பாலிதீனில் சுற்றிய சாமி படத்தை
முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.
மறைக்க வேண்டாம், நனையாமல் வை என்றேன்.
ஆட்டுக்குத்தான் கொஞ்சம் யோசித்தேன்.
உளூ செய்யும் தாழ்வாரத்தில் கட்டினோம், இறுக்கி.

ஒரு மணிக்கு அது வந்தது.
அதைப் பற்றி எனக்குச் சொல்ல வராது.
கதவுக்கு முதுகு கொடுத்த ஒன்பது பேரில்
யார் எந்த மொழியில் என்ன ஓதினார்கள் என்று
கதவுக்குத் தெரியும்.

சுபுஹு.
தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று
அரபியில் இரண்டு முறை சொன்னேன்,
கண்ணே மூடாத எண்பது பேரிடம்.
பாத்துமுத்துதான் முதலில் சிரித்தாள்.
ஒடிசாப் பையன் புரியாமலே சிரித்தான்.

வெளிச்சம் வந்ததும் எண்ணினேன்.
கழித்த எட்டில் ஆறு நின்றன.
கழிக்காத மூன்றில் ஒன்று.
அந்த ஒன்று ஏன் நின்றது என்று கேட்காதீர்கள்,
மரைக்காயர் தினம் அதைத்தான் காட்டுகிறார்.
அவர் தோப்பில் முந்நூறில் இருபது மிச்சம்,
அதை நான் காட்டுவதில்லை.
அலையாத்திக் காடு நின்ற பக்கம்
கடல் தெருவுக்குள் வரவில்லை.
காட்டை வெட்டிக் குட்டை தோண்டிய பக்கம் வந்தது.
எழுதினது யார் கை?

ஜும்ஆவில் வெளியூர்க்காரர் ஒருவர்
இது பாவத்தின் கூலி என்றார்.
மாடிவீடு ஒன்றுகூட விழவில்லையே என்று
பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.
நான்தான்.

இந்த ஐப்பசியில், மழை தொடங்கும் முன்பே,
மரைக்காயர் பள்ளிக்கு வந்தார்.
டீசல் கேன் இரண்டு, நைலான் கயிறு ஒரு கட்டு.
தரையில் வைத்து மூச்சு வாங்கினார்.
"எழுதியிருக்கு" என்றார்,
முகத்தில் சிரிப்பே இல்லாமல்.